பொத்தான் தேய்ந்தால் பெட்டியை எறிவதா?

கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களில், சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தப் புகார் எழுவது சகஜம்.

"அப்பா, இந்தப் பக்கப் பொத்தான் வேலை செய்யலேப்பா. எவ்வளவு அமுக்கினாலும் பொம்மை நகர மாட்டேங்குது."

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருப்பார். கையடக்க வீடியோ கேம் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திரை ஒளி விடுகிறது. இசை கேட்கிறது. பாட்டரியிலும் குறை இல்லை. ஒரே ஒரு பொத்தான் மட்டும் செத்துக் கிடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பையனின் பிடிவாதத்துக்காக வாங்கிய பெட்டி அது. கடைக்குக் கொண்டு போனால், "இதையெல்லாம் ரிப்பேர் செய்ய முடியாதுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று பதில் வரும். மாதக் கடைசியில் புதுசுக்கு எங்கே போவது?

விரல் நகத்தில் வந்த நோவுக்காக ஆளையே கைவிடுவது போன்ற காரியம் இது. உண்மையில், இத்தகைய பெட்டிகளில் மிகப் பெரும்பாலும் கெட்டுப்போவது மூளை அல்ல. விரல் படும் இடம்தான். அதைச் சரி செய்வது பெரிய வித்தையும் அல்ல. டெலிவிஷன் ரிமோட்டையும் கால்குலேட்டரையும் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். பழைய ரேடியோவைப் பழுது பார்த்தவருக்கு மீதிப் பாதியும் தெரியும்.

மெயின்டனன்ஸ் ஊழியரின் மூளையில் உதித்தது

இந்தப் பெட்டியின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டால் அதன் நோயும் எளிதாக விளங்கும். ஜப்பானில் கியோட்டோ நகரில் 1889-ம் ஆண்டு விளையாட்டுச் சீட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் நின்டென்டோ. அதன் சீட்டு ஆலையில் யந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு 1965-ம் ஆண்டு ஓர் இளைஞர் சேர்ந்தார். அவர் பெயர் குன்பேய் யோகோய். ஓய்வு நேரத்தில் அவர் தம் பொழுதுபோக்குக்காகச் செய்து வைத்திருந்த நீளும் கை ஒன்று முதலாளியின் கண்ணில் பட்டது. அது 1966-ல் பொம்மையாக விற்பனைக்கு வந்தது. மெயின்டனன்ஸ் ஊழியர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

ஒரு ரயில் பயணத்தில், சக பயணி ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததை யோகோய் கண்டாராம். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுதான் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டி. 1980-ல் அது வெளிவந்தது. 1982-ல் வந்த பெட்டி ஒன்றில் அவர் கூட்டல் குறி போன்ற நான்கு திசைப் பொத்தானைப் பொருத்தினார். நிமிர்ந்து நிற்கும் குச்சியை வைத்தால் மடிக்கும் பெட்டியை மூட முடியாது என்பதால், தட்டையாக ஒரு வழி தேடி அவர் கண்ட உபாயம் அது. நடுவில் ஒரு முனையில் நின்று நாலு பக்கமும் சாயும் ஒரே துண்டு. கட்டைவிரலை எடுக்காமலே திசை மாற்றலாம். இன்று உலகில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் அந்தக் கூட்டல் குறியோ அதன் சாயலோ இருக்கும்.

1989-ல் வந்த 'கேம் பாய்' பெட்டியும் அவரது குழுவின் படைப்புதான். நான்கு பென்சில் பாட்டரியில் ஓடிய அந்தப் பெட்டியும், அதன் வண்ணத் திரைத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றன. புத்தம் புதிய விலையுயர்ந்த நுட்பத்தைத் தேடி ஓடாமல், பழகிப்போன மலிவான நுட்பத்தைப் புது வழியில் உபயோகிப்பதே யோகோயின் கொள்கை. 1997-ல் ஒரு சாலை விபத்தில் அவர் காலமானார். மலிவான, பழகிய பொருள்களால் கட்டப்பட்டதால்தான், அவர் போட்ட பாதையில் வந்த பெட்டிகளைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டே பழுது பார்க்க முடிகிறது.

நம் நாட்டில் தொண்ணூறுகளில் கடைத்தெருக்களில் குவிந்த 'பிரிக் கேம்' பெட்டிகளும், அண்மைக் காலத்தில் 'நானூறு விளையாட்டு ஒன்றில்' என்று விற்கப்பட்ட சிறு பெட்டிகளும் உள்ளே இதே குடும்பம்தான்.

பொத்தானுக்கு அடியில் என்ன இருக்கிறது?

வெளியே தெரியும் பிளாஸ்டிக் பொத்தான் வெறும் குல்லா. அதற்கு அடியில் சிலிகான் ரப்பரால் ஆன சிறிய மெத்தை ஒன்று உண்டு. குடை போல் குவிந்திருக்கும் அந்த ரப்பரின் அடிவயிற்றில் கறுப்பாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும் கரி கலந்த ரப்பர். அதற்கு நேர் கீழே, சர்க்யூட் பலகையில், இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றோடொன்று தொடாமல் கோத்தது போல் உலோகக் கோடுகள் அல்லது கரிக் கோடுகள் இருக்கும்.

பொத்தானை அமுக்கினால் ரப்பர் குடை மடங்கி, கறுப்பு வில்லை இரண்டு சீப்புகளின் மீதும் படுகிறது. மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. 'வலப் பக்கம் போ' என்ற உத்தரவு உள்ளே செல்கிறது. விரலை எடுத்ததும் ரப்பர் தன் பலத்தால் மேலே எழும்புகிறது. டெலிவிஷன் ரிமோட்டிலும் இதே ஏற்பாடுதான்.

இதில் நோய் மூன்று வகையில் வரும். முதலாவது, அழுக்கு. விரலின் வியர்வை, எண்ணெய், முறுக்குத் தூள், ஜூஸ் எல்லாம் இடுக்கு வழியே இறங்கி, வில்லைக்கும் பலகைக்கும் நடுவே படலமாகப் படிகின்றன. இரண்டாவது, வில்லையின் கரி தேய்ந்து மழுங்குவது. மூன்றாவது, ரப்பர் குடையின் ஓரம் கிழிவது.

எது நோய் என்று வெளியிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். பலமாக அமுக்கினால் மட்டும் வேலை செய்தால் அழுக்கு அல்லது கரித் தேய்மானம். அமுக்கிய பொத்தான் மேலே வராமல் ஒட்டிக்கொண்டால் இனிப்புப் பண்டம் ஏதோ சிந்தியிருக்கிறது. பொத்தான் தொளதொளவென்று உயிரில்லாமல் கிடந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. எந்தப் பொத்தானுமே வேலை செய்யாவிட்டால் கோளாறு பொத்தானில் இருப்பது அரிது; அது மெக்கானிக்கின் வேலை.

துடைத்தாலே பாதி நோய் தீரும்

உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் இலவசப் பழுதுக்கான உரிமையை இழக்க நேரலாம். அந்தக் காலம் முடிந்த பெட்டி என்றால் தயங்க வேண்டியதில்லை.

முதலில் பெட்டியை அணைத்து, பாட்டரியைக் கழற்ற வேண்டும். செல்போன் பாட்டரி போல் கழற்றக்கூடியதாக இருந்தால் சுலபம். உள்ளேயே இணைத்திருந்தால், மூடியைத் திறந்தவுடன் முதல் காரியமாக அதன் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த லித்தியம் பாட்டரியைக் கூர்மையான எதனாலும் நெம்பக் கூடாது; துளைபட்டால் தீப்பற்றும்.

எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணியை விரித்து, அதில் திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைப்பது நல்லது. நீளத் திருகைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் பிளாஸ்டிக் பிளந்து போகும். பல பெட்டிகளில் திருகின் தலையில் சாதாரணக் கோடு இருக்காது. மூன்று கால் வெட்டு இருக்கும். அதற்கென்று தனித் திருப்புளி விற்கிறது. கத்தி முனையால் நெம்பித் திருகின் தலையை மழுக்கிவிட்டால், பிறகு கைதேர்ந்த மெக்கானிக்காலும் அதைக் கழற்றுவது கஷ்டம். சில திருகுகள் பாட்டரி அறைக்குள்ளும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். மூடி வராவிட்டால் பலத்தைக் காட்டுவதைவிட அங்கே தேடுவதே புத்திசாலித்தனம்.

திறந்த பிறகு, பிளாஸ்டிக் குல்லாக்களையும் ரப்பர் மெத்தையையும் வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்த வேண்டும். கறுப்பு வில்லையை அழுத்தித் தேய்க்கக் கூடாது. சர்க்யூட் பலகையில் மட்டும் தண்ணீர் படவே கூடாது. அதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட் இருக்கிறது. பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, சீப்புக் கோடுகளை மென்மையாகத் துடைத்தால் கறுப்பழுக்கு பஞ்சில் ஏறும். அந்த ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதே சமயம் சீக்கிரம் தீப்பற்றவும் செய்யும். சமையலறை அடுப்பு எரியும்போது இந்த வேலை வேண்டாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கோடுகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும்.

துடைத்தும் குணமாகாவிட்டால் ஒரு சோதனை உண்டு. ஒரே அச்சில் தனித்தனியாக உள்ள இரண்டு ரப்பர் மெத்தைகளை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். நோயும் இடம் மாறினால் குற்றம் ரப்பரில். நோய் அதே இடத்தில் நின்றால் குற்றம் பலகையில். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் சாமான் வாங்க ஓடுவது வீண். தேய்ந்த வில்லையில் பென்சில் கரியைத் தேய்த்து ஓட்டுபவர்களும் உண்டு. அது சில நாள் தாங்கும். நிரந்தர வைத்தியம் அல்ல. ரப்பர் மெத்தையைப் புதிதாக மாற்றுவதே சரியான வழி. ஈயம் பற்றவைக்கும் வேலைகூட இதில் இல்லை.

பெட்டியின் தோளில் சுட்டுவிரல் படும் இடத்தில் உள்ள பொத்தான்கள் மட்டும் பெரும்பாலும் வேறு ஜாதி. 'டிக்' என்று சத்தமிடும் சிறு சுவிட்சுகள் அவை. அவற்றைப் பலகையில் ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்காமல், செல்போன் மெக்கானிக்கிடம் கொடுப்பதே மேல்.

ரேடியோவின் கரகரப்பு மீண்டும் வருகிறது

இன்றைய விலையுயர்ந்த பெட்டிகளில் பொத்தான்களோடு, கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் ஒரு குட்டைக் குச்சியும் இருக்கிறது. அதற்கு வரும் நோய் விசித்திரமானது. யாரும் தொடாமலே பொம்மை தானாக நடக்கும். அதைத்தான் 'நழுவல்' என்கிறார்கள்.

இது ஏதோ புது நோய் என்று எண்ண வேண்டாம். வீட்டு அலமாரியில் பழைய ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய நோய். சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினால் 'கர்கர்' என்று இரையும் அல்லவா? குமிழின் உள்ளே கரி பூசிய ஒரு பாதை. அதன் மேல் உராய்ந்து செல்லும் ஓர் உலோக நாக்கு. நாள்பட நாள்படக் கரி தேய்ந்து தூளாகும். நாக்கு சரியாகப் படாமல் குதிக்கும். கரகரப்பின் காரணம் அதுவே. விளையாட்டுக் குச்சியின் அடியிலும் அதே கரிப் பாதையும் உலோக நாக்கும்தான். ஒன்று மேல்-கீழ் அசைவுக்கு, மற்றொன்று இட-வல அசைவுக்கு. ரேடியோவில் இரைச்சலாகக் கேட்டது, இங்கே பொம்மையின் தள்ளாட்டமாகத் தெரிகிறது.

2017 மார்ச்சில் வெளிவந்த நின்டென்டோ 'ஸ்விட்ச்' பெட்டியில் இந்த நழுவல் உலகப் பிரச்னையாகவே ஆயிற்று. 2019-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2020 ஜூனில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்த சிரமத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் விடாமல் முறையிட்டதன் பலனாக, 2023-ல் அங்கே உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் இந்தக் கோளாறை இலவசமாகச் சரி செய்து தர நிறுவனம் இசைந்தது. ஒரு சிறு குச்சிக்காகப் பலர் ஒரே குரலில் பேசியபோது கிடைத்த பலன் அது.

இத்தகைய குச்சியைப் பிரித்துச் சுத்தம் செய்தால் சிறிது காலம் ஓடும். ஆனால் தேய்ந்த கரி மீண்டும் வளராது. முழுக் குச்சியையும் மாற்றுவதே நிலையான வழி. 'ஸ்விட்ச்' பெட்டியின் கைப்பிடியில் குச்சி பட்டை ஒயரால் இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் சிறு தாழ்ப்பாளை நிமிர்த்தி ஒயரை உருவினால் போதும், பற்றவைப்பு தேவையில்லை. பெரிய வீட்டுப் பெட்டிகளின் கைப்பிடிகளில் பல கால்களைப் பலகையில் பற்றவைத்திருப்பார்கள். அது தேர்ந்தவர் வேலை.

தேயாத குச்சியும் உண்டு. 1879-ல் அமெரிக்கர் எட்வின் ஹால் கண்டுபிடித்த காந்த விளைவைக் கொண்டு அது இயங்குகிறது. குச்சியின் அடியில் ஒரு காந்தம்; அது நெருங்குவதையும் விலகுவதையும் எட்ட இருந்தே அறியும் ஓர் உணரி. ஒன்றோடொன்று உராய்வதே இல்லை. ஆகவே கரித் தேய்மானமும் இல்லை. 1998-ல் வந்த 'டிரீம்காஸ்ட்' என்ற பெட்டியின் கைப்பிடியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. மாற்றுக் குச்சி வாங்குபவர்கள் 'ஹால்' வகை கிடைக்குமா என்று விசாரிப்பது லாபம். விலை சற்றுக் கூடுதல். ஆயுள் அதைவிடக் கூடுதல்.

சாமான் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் ஒரு வேடிக்கை. சென்னைக்கு வடக்கே, பழைய சித்தூர் மாவட்டத்தின் சத்தியவேடு பகுதியில் எழுந்தது ஸ்ரீ சிட்டி தொழில் நகரம். 2022 ஏப்ரலில் புது மாவட்டம் பிரிந்த பிறகு அது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. 2015-ல் அங்கே ஃபாக்ஸ்கான் நிறுவனம் செல்போன்களைப் பூட்டத் தொடங்கியது. மயிரிழை போன்ற பட்டை ஒயர்களையும் கடுகு போன்ற திருகுகளையும் பிசகாமல் பொருத்தப் பழகிய கைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆயினும் ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு ரப்பர் மெத்தை வேண்டுமென்றால், வெளியூருக்குத்தான் பெரும்பாலும் கை நீட்ட வேண்டியிருக்கிறது. திறமை உள்ளூரில், சாமான் வெளியூரில்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, ரேடியோ உதிரிச் சாமான் காலத்திலிருந்தே எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்காரர்களின் புனிதத்தலம். சப்தகிரி எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லாவிட்டாலும், நடந்தே போய்விடலாம். ஊருக்குப் போகும்போது இந்த வேலையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆனால் வெறுங்கையோடு போனால் பயனில்லை. பெட்டியின் பின்புறம் உள்ள மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, பழைய மெத்தையையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துப்போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, துளைகள் ஒத்துப்போகின்றனவா, வில்லைகளின் இடம் சரியா என்று பார்த்து வாங்கினால் இரண்டாம் முறை அலைய வேண்டாம்.

சித்தூர், திருப்பதி கடைகளில் கேட்க மொழியும் தடை அல்ல. ரிமோட், ரப்பர், பட்டன் எல்லாம் தெலுங்கிலும் அவையேதான். "அன்னா, ரிமோட் ரப்பர் மாதிரி" என்று பொருளைக் காட்டினால் மெக்கானிக்குக்குப் புரிந்துவிடும். "விளையாட்டுப் பெட்டி ரிப்பேர் செய்வீர்களா?" என்று கேட்டால் மாட்டேன் என்பவர்கூட, "இந்த ரப்பரை மட்டும் மாற்ற முடியுமா?" என்று கேட்டால் கையில் வாங்கிப் பார்ப்பார்.

முறையிட வழி உண்டு

வாங்கிய சில மாதங்களிலேயே பொத்தான் செத்துப்போனால், அதற்குச் சொந்தக் காசைச் செலவழிக்க வேண்டிய அவசியமில்லை. பில்லும் உத்தரவாதச் சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். கடைக்காரரும் கம்பெனியும் கைவிரித்தால், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். தமிழிலேயே குறையைச் சொல்லலாம்.

வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சென்னையில் வாங்கிய பெட்டிக்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

பழுது பார்க்கும் உரிமை என்ற பேச்சும் நம் நாட்டில் எழுந்திருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, பழுது, உதிரிச் சாமான் விவரங்களை வாடிக்கையாளர்கள் அறிவதற்கான இணையதளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. வாங்கியவனுக்குப் பொருள் சொந்தம் என்றால், அதைத் திறந்து சரி செய்யும் வழியும் அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் சாரம்.

எறிவதற்கு முன்

எல்லா வைத்தியமும் தோற்றுப்போன பெட்டியையும் தெருக் குப்பையில் எறியக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில், கையடக்க வீடியோ கேம் பெட்டி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் பாட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீ பிடிக்கும். அந்தத் தீயின் முன் நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி. செத்த பெட்டியைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால், அதன் திரையோ பொத்தானோ இன்னொரு வீட்டுப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும்.

இதில் மிச்சமாகும் பணம் சில நூறு ரூபாயாக இருக்கலாம். சில ஆயிரமாகவும் இருக்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் அதைவிடப் பெரிய லாபம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எவர்சில்வர் தட்டைச் சுற்றி அப்பாவும் பையனும் உட்காருகிறார்கள். திருகுகளைப் பையன் எண்ணி வைக்கிறான். பஞ்சில் ஏறிய கறுப்பழுக்கைப் பார்த்து, "இவ்வளவுதானாப்பா?" என்கிறான். இவ்வளவுதான் என்பதைத் தெரிந்துகொள்வதே படிப்பு. கெட்டதை எறியாமல் திறந்து பார்க்க வேண்டும் என்று அன்று அவன் கற்றுக்கொள்கிறான்.

மூடியைப் போட்டு, பாட்டரியை மாட்டி, பொத்தானை அமுக்கினால் பொம்மை நகரும். அடுத்த தடவை பொத்தான் தேயும்போது, திருப்புளியைப் பையனே எடுத்து வருவான்.